கிளட்சுக்கு எண்ணெய் ஊற்றிய கதை

வண்டி வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் எஞ்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். மேட்டில் எப்படி இழுக்கும், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், புகை என்ன நிறம் என்று. கிளட்சைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அது வீட்டு வாசற்படி மாதிரி, தடுக்கி விழுகிறவரைக்கும் கண்ணில் படாது. என் கண்ணில் பட்டது இடது முழங்கால் வீங்கிய பிறகு.

புத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து திருப்பதி ரைத்து பஜாருக்கு, அதாவது உழவர் சந்தைக்கு, காய்கறி வண்டி ஓட்டுகிறவள் நான். எங்கள் கொல்லையில் விளைகிற கத்திரிக்காயும் பீர்க்கங்காயும் பாதி வண்டி. மீதிப் பாதி ஊர்ப் பெண்களின் கூடைகள், அந்தக் கூடைகளைவிட்டு இம்மியும் நகராத அவற்றின் சொந்தக்காரிகள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது எட்டாவது வரைக்கும். அதற்கு மேல் படித்ததெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள் பேசக் கேட்டு. அந்த சீட்டு பெரும்பாலும் சின்னம்மாவுடையது. உறவுக்குச் சின்னம்மா இல்லை, ஊருக்கே சின்னம்மா. கீரை விற்பார். வாயில் வெற்றிலை இருந்தால் ஒரு பழமொழி, இல்லாவிட்டால் இரண்டு.

என் வீட்டுக்காரர் டிராக்டர்காரர். உழவுக்கு வாடகைக்குப் போவார். டிராக்டர் ஓட்டிப் பழகியவர்கள் ரோட்டில் வண்டி ஓட்டினால் எதிரில் வருகிறவன் எல்லாம் வரப்பு என்று நினைப்பார்கள். அதனால் வண்டி என் கைக்கு வந்தது. வந்து பல வருஷம் ஆகிவிட்டது.

அந்த வண்டியின் எஞ்ஜின் வடமாலப்பேட்டை தாண்டி ஒரு நாள் நின்றுபோனது. நின்றது என்றால் மூச்சு முட்டி, வெள்ளைப் புகை விட்டு, உள்ளே ஏதோ சில்லறை கொட்டியதுபோல் சத்தம் போட்டு நின்றது. புத்தூரில் எங்களுக்குப் பழக்கமான மேஸ்திரி வந்து பார்த்தார். மெக்கானிக்கை எங்கள் பக்கம் மேஸ்திரி என்றுதான் சொல்வோம். தெலுங்குக்காரர், ஆனால் பாதித் தமிழ் பேசுவார். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். அடுத்த வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். என்னை அக்கா என்பார். தெலுங்கில் அக்கா புருஷன் பாவா. அந்தக் கணக்கில் என் வீட்டுக்காரர் அவருக்கு பாவா ஆகி, இரண்டு பேரும் பார்த்தவுடன் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் உரிமையும் வந்துவிட்டது.

"அக்கா, இதுக்கு வைத்தியம் லேதுக்கா. வேற எஞ்ஜின் போட்டுடலாம்" என்றார்.

சித்தூர்ப் பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் ஒரு எஞ்ஜின் கிடைத்தது. எங்கள் வண்டியைவிடப் பெரிய வண்டியுடையது. மோதி நொறுங்கிய வண்டி, எஞ்ஜினுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. கியர் பாக்ஸும் அதோடேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

"பொண்ணு வரும்போது பீரோவும் கூட வர்ற மாதிரி" என்றார் மேஸ்திரி. "வேணாம்னு சொல்லக் கூடாதுக்கா. பொண்ணு கோச்சிக்கும்."

பெண் வந்தாள், பீரோவும் வந்தது. இடம்தான் இல்லை. பழைய தாங்கிகளை அறுத்து, புதிது வெல்டிங் வைத்து, இரண்டையும் உள்ளே இறக்கி உட்காரவைத்தபோது மேஸ்திரி தன் ஷெட்டில் வேலை செய்கிற எல்லாருக்கும் டீ சொன்னார். டீ வருவதற்குள் வண்டிக்கு அடியில் படுத்தவர், வெளியே வரும்போது முகம் மாறி வந்தார்.

எங்கள் வண்டியில் கிளட்ச் கேபிளில் ஓடுவது. பெடலை மிதித்தால் கம்பி இழுக்கும், கியர் பாக்ஸில் இருக்கிற ஃபோர்க் என்ற கவை அசையும், கிளட்ச் விடும். சைக்கிள் பிரேக் எப்படியோ அப்படி. புதிதாக வந்த கியர் பாக்ஸில் கம்பி மாட்ட இடமே கிடையாது. அதன் விலாவில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சிலிண்டர் உட்கார்ந்திருந்தது. பெரிய வண்டியில் பெடலுக்குப் பின்னால் இன்னொரு சிலிண்டர் இருக்குமாம். மிதித்தால் அதிலிருந்து திரவம் குழாய் வழியாக ஓடிவந்து, இந்தச் சிலிண்டருக்குள் இருக்கிற தடியைத் தள்ளுமாம். தடி ஃபோர்க்கைத் தள்ளும்.

"ஹைட்ராலிக் கிளட்ச்" என்றார் மேஸ்திரி. நல்ல குடும்பத்துச் சம்பந்தம் அமைந்ததுபோலவும் இருந்தது அந்தக் குரல், வரதட்சணை கூடக் கேட்கிறார்கள் என்பதுபோலவும் இருந்தது. "உங்க கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும். இதுக்குத் தள்ளணும். இழுக்கறவனையும் தள்ளறவனையும் ஒரே ஏர்ல கட்டணும்."

"கட்ட முடியுமா?" என்றேன்.

"நான் கட்டாத ஏரா?"

அவருக்கு அடக்கம் என்பது எட்டிப் பார்க்காத ஊர். சிலிண்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். ஆங்கிள் துண்டு வெட்டி, ஃபோர்க்குக்கு மறுபக்கத்தில் ஒரு தாங்கி செய்து, பழைய கேபிளை எஞ்ஜினைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய் மாட்டினார். தள்ள வேண்டியதை அந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் அதே வேலைதானே. வேலை செய்தது. கியர் விழுந்தது, வண்டி நகர்ந்தது. ஷெட்டில் கைதட்டினார்கள்.

நான் மட்டும் கைதட்டவில்லை, பெடலில் கால் வைத்திருந்தவள் நான் என்பதால். பெரிய எஞ்ஜினுக்குப் பெரிய கிளட்ச், பெரிய கிளட்சுக்கு முரட்டு ஸ்பிரிங். அதை மெல்லிய கம்பி ஒன்று வளைந்து நெளிந்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் உரலை நகர்த்துவதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் திருப்பதி போய் வந்தேன். ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதிக்குள் நுழைந்து பஜார் போய்ச் சேருவதற்குள் எத்தனை முறை கிளட்ச் மிதிக்க வேண்டும் என்று அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். மலைக்குப் போகிற பஸ், ஜீப்பு, நடந்து போகிற கூட்டம், குறுக்கே ஆட்டோ. மிதி, விடு, மிதி, விடு. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சின்னம்மா பார்த்துவிட்டார்.

"பெடலு கெட்டியா, முட்டி கெட்டியான்னு பந்தயம் கட்டிக்கினு ஓட்டறியாடி? இரும்பு கூட பந்தயம் கட்டி ஜெயிச்சவ யாரு?"

வீட்டில் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார், இந்தக் காலுக்குப் பளு கொடுக்காதே என்று. அவர் சொன்ன அன்றைக்கு இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

"ஏம்மே" என்றார். "சத்தியவேட்டுல நம்ம மேஸ்திரிக்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தன் கீறான். ஃபேக்டரி வேன் ஓட்டிக்கினு இருந்தவன். ஒண்ணாந் தேதியிலேர்ந்து வரச் சொல்றேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? நீ காலைத் தூக்கிக்கினு நடக்கறதப் பாக்க எனக்கு ஆசையா?"

"அப்போ நான் இன்னா பண்றது?"

"வீட்ல இரு. இல்லாட்டி பின்னாடி கூடையோட குந்திக்கினு போ."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். ஒத்தடத் துணியை என் கையிலிருந்து வாங்கிப் பிழிந்துகொண்டே சொன்னார். அப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது? ஆனால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால்தான் நான் ஒரு ஆள். ரோட்டில் போகிற லாரிக்காரன் கைகாட்டுவான், டோல் கேட்டில் இருக்கிற பெண் சாப்பிட்டாயா என்று கேட்பாள். பின்னால் கூடைக்கு நடுவே உட்கார்ந்தால் நானும் ஒரு கூடை.

காலையில் நேராக மேஸ்திரி ஷெட்டுக்குப் போனேன்.

"தம்பி, பெட்டியில போட்ட அந்தச் சிலிண்டர எடு" என்றேன்.

"ஏமி அயிந்தி அக்கா? இன்னா ஆச்சி?"

"அது பெரிய வண்டியில இருந்தப்ப டிரைவர் எல்லாம் பயில்வானா? அந்த மாதிரி வண்டிய என் கூடப்பொறந்தவன் ஓட்டிக்கீறான். கால் நுனியில தட்டினா போதும்னான். அதே கிளட்ச்சுதானே இது?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கேபிள் வேலை அவர் கையால் செய்தது, அதைத் தானே பிரிப்பது என்றால் மனசு வருமா? வெல்டிங் வைத்த தாங்கியை ஒரு முறை தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருந்துச்சி அக்கா இது" என்றார், இறந்துபோன ஆளைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு அறுத்தார்.

இந்த முறை பெடல் பக்கத்திலிருந்து வேலை. அதே எஞ்ஜின் வந்த இடத்திலிருந்து பெடல் பக்கத்து மேல் சிலிண்டரை வாங்கி வந்தோம். எங்கள் வண்டியில் அதை உட்காரவைக்க இடமே கிடையாது. பெடலுக்கு முன்னால் இருக்கிற தகரத்தில் துளை போட்டு முடுக்கினார். மிதித்துப் பார்த்தேன். தகரம் எண்ணெய் டின் அடிப்பக்கம்போல 'டுப்' என்று உள்ளே போய் 'டப்' என்று வெளியே வந்தது. என் கால் பலமெல்லாம் தகரத்தை வளைப்பதிலேயே போனது, கிளட்சுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால் தகரத்துக்குப் பின்னால் தடித்த இரும்புப் பட்டை ஒன்று வைத்து, சட்டத்தோடு சேர்த்து இறுக்க வேண்டியிருந்தது. பெடலில் தடி மாட்டுகிற துளையையும் இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தார். முதல் துளையில் பெடல் மெத்தென்று இருந்தது, ஆனால் கியர் கரகரவென்று உரசியது. கொஞ்சம் கீழே இறக்கினார், சரியாக வந்தது.

கடைசியில் குழாயில் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். காற்று இருந்தால் மிதிக்கிற பலத்தைக் காற்றே விழுங்கிவிடும். அதற்கு ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கீழே படுத்து, சிலிண்டரில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். மேஸ்திரி கீழே படுத்துக்கொண்டு தெலுங்கில் குரல் கொடுத்தார்.

"தொக்கு!" மிதி என்று அர்த்தம். "பட்டு!" அப்படியே பிடி. நிப்பிளிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். "விடு!" அது இரண்டு பாஷைக்கும் பொது.

"தொக்கு! பட்டு! விடு! தொக்கு! பட்டு!"

சின்னம்மா அன்றைக்குத் தன் கூடையை வாங்கிப்போக ஷெட்டுக்கு வந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொன்னார்.

"தொக்கு கேக்கறான், பட்டு கேக்கறான். பொண்டாட்டிகிட்ட கேக்க வேண்டியத எல்லாம் இவகிட்ட எதுக்குக் கேக்கறான்?"

எனக்குச் சிரிப்பு வந்து கால் நழுவியது. "அக்கா! விடக் கூடாது, நான் விடுன்னு சொல்லல!" என்று கீழேயிருந்து அலறல். காற்று மறுபடி உள்ளே போய், முதலிலிருந்து தொக்கு, பட்டு. பாதி வேலை சின்னம்மாவின் வாயை மூடுவதில் போனது.

முடிந்ததும் மிதித்தேன். என்ன சொல்ல? நன்றாகப் பொங்கிய இட்லி மாவில் கை வைத்ததுபோல் இறங்கியது பெடல். கால் விரலுக்குத்தான் வேலை, முழங்காலுக்குச் செய்தியே போகவில்லை.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அவரும் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். சத்தியவேட்டு டிரைவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒண்ணாந் தேதி வந்துகொண்டே இருந்தது.

"பாவா, ஹைட்ராலிக் இது. மேல இந்த டப்பாவுல லெவல் பாத்துக்கோ. கொறஞ்சா கொஞ்சம் ஊத்திக்கோ, அந்தே, அவ்ளோதான்" என்றார் மேஸ்திரி அவரிடம். வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஒரு நடை திருப்பதி போய் வந்தேன், சுகமாக இருந்தது. இறங்கும்போது கதவைப் பிடிக்கவில்லை என்பதை சின்னம்மா ஊரெல்லாம் சொன்னார். அடுத்த நடைக்குக் காலையில் கிளம்பும்போது வண்டி துடைத்து வைத்திருந்தது. முன் கண்ணாடி பளபள என்று இருந்தது. வீட்டுக்காரர் டிராக்டரை எடுத்துக்கொண்டு முன்பே போய்விட்டிருந்தார். துடைத்தது அவர்தான் என்று எனக்குத் தெரியும். அவர் துடைத்தால் கண்ணாடியின் மூலை நாலும் மிச்சம் இருக்கும்.

அன்றைக்குப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறித் திரும்பி வரும்போது பெடல் மேலே வரச் சோம்பல்பட்டது. ரேணிகுண்டாவில் வண்டிகள் வரிசையாக நின்ற இடத்தில் மிதித்தேன். கீழே போனது அங்கேயே தங்கிவிட்டது. செருப்பு நுனியைக் கொடுத்து நெம்பி மேலே தூக்கினேன். பெடல் வந்தது, கிளட்ச் வரவில்லை. எஞ்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. எதுவோ கருகுகிற நாற்றம். பின்னால் இருக்கிற லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை.

"வாங்கடி" என்று சின்னம்மா இறங்கினார். கூடைக்காரிகள் எல்லாரும் இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே சின்னம்மா லாரிக்காரனைப் பார்த்து, "ஊதுறியே, அந்த மூச்ச வெச்சிக்கினு வந்து கை குடேன்" என்றார். அவன் இறங்கி வந்து கை கொடுத்தான்.

எனக்கு வண்டி நின்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்தக் கிளட்ச் இப்படி நடுரோட்டில் கைவிடும் என்றால் மறுபடி கேபிள் மாட்டுவோம், கேபிள் மாட்டினால் டிரைவர் வருவான். அதுதான் மனசில் ஓடியது. மேஸ்திரிக்குப் போன் போட்டேன். சொல்வதை எல்லாம் கேட்டார்.

"அக்கா, ஸ்பேனர் உந்தா, கீதா? கீழ படுங்க. அன்னிக்கி நான் தெறந்தேனே நிப்பிள், அத லூஸ் பண்ணுங்க. உள்ள பிரஷர் மாட்டிக்கினு கீது."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் படுத்தேன். சின்னம்மா போனைப் பிடித்துக்கொண்டு என் தலைமாட்டில் குந்தினார். நிப்பிளைத் திறந்ததும் சுர்ரென்று என் கையெல்லாம் பீய்ச்சியது. உள்ளே கிளட்ச் 'டக்' என்று திரும்பி வந்து உட்கார்கிற சத்தமும் கேட்டது. நான் சந்தோஷமாகச் சொன்னேன். மேஸ்திரிக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அக்கா, கையில ஆயில் கீதா? அது மேல நீள்ளு போய்ண்டி. தண்ணி. கடிகிதே போதுந்தா?"

கழுவினால் போகிறதா என்று கேட்கிறார். சின்னம்மா கீரைக்குத் தெளிக்கிற பாட்டில் தண்ணீரை என் கையில் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. எண்ணெய் அப்படியே இருந்தது. தேய்த்தேன், இன்னும் பளபளத்தது.

"போவல தம்பி."

மேஸ்திரி குரலை இறக்கிக் கேட்டார். "அக்கா, டப்பாவுல எவரு ஊத்தினது?"

கிளட்ச் இல்லாமலேயே வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். முதல் கியரில் போட்டு சாவியைத் திருப்பினால் குதித்துக் கிளம்பும். அப்புறம் எஞ்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அது இறங்குகிற நேரம் பார்த்து கியரைத் தள்ள வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் எஞ்ஜினை அணைக்க வேண்டும். ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் பின்னாலிருந்து "கோவிந்தா!" என்று ஒரு கோஷம் வந்தது. திருப்பதியிலிருந்து திரும்பி வருகிறவர்கள் போடுகிற கோஷம்தானே என்று ரோட்டில் போகிறவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஷெட்டில் வீட்டுக்காரர் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். மேஸ்திரி போன் போட்டு வரச் சொன்னாராம், எதற்கு என்று சொல்லவில்லைபோல.

"பாவா, டப்பாவுல ஆயில் ஊத்தினது..."

"நான்தான்" என்றார், நெஞ்சை நிமிர்த்தி. "காலையில தொடைக்கும்போது பாத்தேன், லெவல் கொறஞ்சா மாதிரி இருந்துச்சி. நல்ல ஹைட்ராலிக் ஆயிலா பாத்து ஊத்தினேன். என் டிராக்டரு லிஃப்ட்டுக்குப் போடற ஆயிலு. அதைவிட ஒசத்தி இந்த ஜில்லாவுல கெடைக்காது."

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாவா, இதுக்குப் பிரேக் ஆயில் ஊத்தணும்!"

"கிளட்ச்சுக்கு எதுக்குய்யா பிரேக் ஆயிலு?"

"அதான் பாவா ஊத்தணும். டிராக்டர் ஆயில் ஊத்தினா உள்ள கீற ரப்பரெல்லாம் ஊறி உப்பிடும். பிரேக் ஆயிலு ஆயிலே இல்ல. தண்ணியில கரையும். பேருதான் ஆயிலு."

வீட்டுக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். "ஹைட்ராலிக்குன்ற, ஆனா ஹைட்ராலிக் ஆயில் ஊத்தக் கூடாதுன்ற. கிளட்ச்சுன்ற, பிரேக் ஆயில் ஊத்துன்ற. ஆயிலுன்ற, அது ஆயிலே இல்லன்ற. நீ வண்டி ரிப்பேர் பண்றியா, விடுகதை போடறியா?"

மேஸ்திரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்காரர் டிராக்டர் தெரியாத ஆளாக இருந்திருந்தால் கடையில் போய்க் கேட்டிருப்பார், கடைக்காரர் சரியான பாட்டிலைக் கொடுத்திருப்பார். ஹைட்ராலிக் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்த ஆளாய்ப் போய்விட்டார். சின்னம்மா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "தெரியாதவன் கேட்டுக்கினு ஊத்துவான், தெரிஞ்சவன் கேக்காம ஊத்துவான்" என்றார். அதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். "இப்பதான், இங்கதான்" என்றார்.

மேஸ்திரி மேல் சிலிண்டரைப் பிரித்து உள்ளேயிருந்த ரப்பரை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நுனிக்கு மாட்டுகிற தொப்பிபோல் இருக்க வேண்டியது, மழையில் நனைந்த காளான்போல் உப்பிக் கிடந்தது. வீட்டுக்காரர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என்னைப் பார்க்கவில்லை.

"உன் கால் நோவக் கூடாதுன்னுதாம்மே..." என்றார் ரப்பரிடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரைவரை வரச் சொன்ன மனுஷன், நான் ஓட்டப்போகிற வண்டிக்கு ஏன் விடியும் முன்னால் எழுந்து கண்ணாடி துடைத்து, டப்பாவைத் திறந்து லெவல் பார்த்து, தன் டிராக்டரின் உசத்தி ஆயிலைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்? வாயால் சொல்லாததை அந்த டப்பாவில் ஊற்றியிருக்கிறார். தப்பான எண்ணெய்தான். எனக்கு அதைத் திட்ட வாய் வரவில்லை.

"போனா போவுது மாமா" என்றேன். "கண்ணாடியில மூலைய மட்டும் வுட்டுட்ட."

இரண்டு சிலிண்டரையும் கழற்றி, குழாயைப் புதிதாக மாற்றி, எல்லா இடத்தையும் ஸ்பிரிட் விட்டுக் கழுவி, புது ரப்பர்கள் போட்டார்கள். ஒரு பொட்டு பழைய எண்ணெய் இருந்தாலும் புது ரப்பரும் உப்பும் என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு, வீட்டுக்காரர் கழுவியதையே மறுபடி கழுவினார். காற்று எடுக்கிறபோது கீழே படுப்பது தன் வேலை என்று அவரே படுத்துக்கொண்டார். மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்தார். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் எழுந்து வந்து, தன் விரலில் ஒட்டியிருந்த பிரேக் ஆயிலில் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். அது கரைந்து போனது. "ஆயிலே இல்லதான்" என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த நடைக்கு அவரும் வந்தார். உழவு வேலை இல்லையா என்றேன், இல்லை என்றார். இருந்தது என்று எனக்குத் தெரியும். சின்னம்மாவைப் பின்னால் அனுப்பிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். போகிற வழி முழுக்க ரோட்டைப் பார்க்கவே இல்லை, என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ரேணிகுண்டா தாண்டிக் கூட்டம் தொடங்கியது. மிதி, விடு, மிதி, விடு. ஒரு யாத்ரீகர் பஸ் எங்கள் முன்னால் நின்று நின்று போனது, நாங்களும் நின்று நின்று போனோம்.

"எப்பிடி கீது?" என்றார்.

"எது?"

"காலு."

"இருக்கிறதே தெரியல."

பின்னாலிருந்து சின்னம்மா குரல் கொடுத்தார். "தொக்கு நல்லா கீதான்னு கேளுப்பா!" கூடைகளுக்கு நடுவே சிரிப்பு எழுந்தது. அவர் கேட்காததுபோல் இருந்தார்.

பஜாரில் கூடைகளை இறக்கினோம், விற்றோம், மீந்ததை ஏற்றினோம். நான் எல்லாரோடும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அதையும் பார்த்தார். திரும்பி வரும்போது ரேணிகுண்டாவில் டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னார். டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, போனை எடுத்து, காதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். தள்ளி நின்றாலும் அவர் போனில் பேசுவது டிராக்டர் மேலிருந்து பேசுவதுபோல்தான் இருக்கும், நாலு வயல் தாண்டிக் கேட்கும்.

"தம்பி, நான்தான்பா, புத்தூரு, காய்கறி வண்டி... ஆமா. ஒண்ணாந் தேதி வர வாணாம்பா. இல்ல இல்ல, வண்டி விக்கல. வேற ஆளு கெடச்சிட்டாங்க... ஆமா, லேடீஸ்தான்." அந்தப் பக்கம் என்ன கேட்டானோ, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் ஓட்டுவாங்க" என்றார் போனில். "வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."